கருவியும் கருணையும்

நோயைத் தீர்ப்பது யாதென வினவின், மருந்து என்பார் பலர். மருத்துவன் என்பார் சிலர். இக்காலத்தில் இயந்திரம் என்பாரும் உளர். வள்ளுவப் பெருந்தகையோ மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை முடிக்குமிடத்து, 950ஆம் குறளிலே, மருத்துவம் நான்கு கூறுடையது என வரையறுத்துப் போந்தார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவது, நோயாளியின் அருகிருந்து அம்மருந்தைப் பிழையாது கொடுப்பவன். இந்நான்காமவனை உழைச்செல்வான் என்னும் அழகிய சொல்லாற் குறித்தார். உழை என்பது பக்கம். பக்கத்தே நிற்பவன் என்பது அதன் பொருள்.

உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கு கூற்றுக்கும் நந்நான்கு இலக்கணம் வகுத்தனர். உழைச்செல்வானிடத்து அவர் வேண்டுவன: நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் என்பவற்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. அன்பும் அறிவும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் வேண்டும் என்பதே இதன் சாரம். இக்குறளுக்கு யாம் பதவுரையும் பொழிப்புரையும் கூறி மாணவர்க்குப் பலமுறை கற்பித்திருக்கிறோம். எனினும், இதன் பொருளை யாம் உள்ளபடி கற்றது வகுப்பறையிலன்று. புற்றுநோய்ச் சிகிச்சை விடுதி ஒன்றிலேயாம். கற்பித்தவரும் எமக்கு ஆசானாயிருந்தவரல்லர், எம்மிடம் கற்றவர்.

யூபிலி மலரிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதலே மரபு. அம்மரபை மதிக்கும் யாம், இம்முறை எம் பிழை ஒன்றைச் சொல்லத் துணிகிறோம். பிழையைச் சொல்வது அதனூடே ஒரு கருத்தை நிலைநாட்டுதற்கேயன்றி, எம்மைப் பற்றிப் பேசுதற்கன்று. பழைய மாணவரும் இளைய மாணவரும் பொறுத்தருள்வாராக.

பல்லாண்டுகளுக்கு முன், தமிழ்ச் சங்கத்தில் எமக்கு வலக்கரமாயிருந்த மாணவர் ஒருவர், உயர்தரப் பரீட்சையை மூன்றாம் முறையும் எழுதி, மருத்துவ பீடத்துக்கு மயிரிழையில் இடம் தவறினார். சில திங்கள் கழித்து ஒரு விண்ணப்பத்துடன் எம்மிடம் வந்தார். தாதியப் பயிற்சிக்குச் சேரப் போவதாகவும், நற்சான்றுப் பத்திரம் ஒன்று வேண்டுமென்றும் பணிவுடன் கேட்டார். யாம் சான்று எழுதிக் கொடுத்தோம். கொடுக்கும்போது, “இவ்வளவு படித்தும் நேர்ஸ் வேலைக்கோ போகப் போகிறீர்?” என்று கேட்டும் விட்டோம். அருகிலிருந்த ஆசிரியர் இருவர் நகைத்தனர். மாணவர் மறுமொழி கூறவில்லை. பத்திரத்தை இருகையாலும் வாங்கிக்கொண்டு சென்றார். அவ்வினாவை யாம் அன்று மாலையே மறந்துவிட்டோம். அவர் மறந்திருப்பாரோ என எண்ணிப் பார்க்கவும் எமக்குத் தோன்றவில்லை.

காலம் சென்றது. எம் தமக்கையாருக்கு மார்பிற் கட்டி ஒன்று கண்டு, அது புற்று எனத் துணியப்பட்டது. சத்திரசிகிச்சை முடிந்தபின் மருந்தேற்றுதற்காக அவரை அழைத்துச் சென்ற முதல் நாளில், பகற் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் வெள்ளுடையுடன் நின்று, “சேர், வாருங்கோ” என்று எம்மை வரவேற்றவர் அம்மாணவரே. எமக்கு முகம் சிவந்தது. அவர் முகத்தில் பழைய பணிவைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

முதலில் தமக்கையாரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நிறை பார்த்தார், உயரம் அளந்தார். இவை இரண்டையும் கொண்டே உடலின் மேற்பரப்பு கணிக்கப்பட்டு, அதற்கேற்ப மருந்தின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. நிறையிலே தவறு நேரின் மருந்திலும் தவறு நேரும். பின்பு கட்டிலருகே வந்து, “அம்மா, உங்கட முழுப் பேரையும் பிறந்த திகதியையும் சொல்லுங்கோ” என்றார். தமக்கையார் வியந்து, “தம்பிக்கு என்ர பேர் தெரியாதோ?” என்றார். “தெரியும் அம்மா. ஆனால், ஒவ்வொரு முறையும் கேட்க வேணும். எனக்குத் தெரியும் எண்டு நான் நினைக்கிற நாளிலைதான் பிழை வரும்” என்று அவர் விடையிறுத்தார். மற்றொரு தாதியும் வந்து, பெயர், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே சரிபார்த்தபின்னரே மருந்து எடுக்கப்பட்டது.

அம்மருந்து இரத்தச் சிவப்பு நிறமுடையது. டொக்சோரூபிசின் என்பது அதன் பெயர். நாளத்துள்ளே சென்றால் நோயைத் தாக்கும். நாளத்தினின்றும் வழுவித் தசையிற் கசிந்தாலோ அத்தசையையே அழியச் செய்யும். இதயத்தையும் தாக்கவல்லதாகையால், ஒருவருடைய வாழ்நாளில் இவ்வளவுக்கு மேற் கொடுத்தலாகாது என்ற எல்லையும் அதற்கு உண்டு. அதனை ஏற்றும் வேளை முழுவதும் எம் மாணவர் கதிரையை இழுத்துப் போட்டுத் தமக்கையாரின் கையருகே அமர்ந்திருந்தார். ஒரு கை ஊசிக்குழலை மெல்ல அழுத்த, கண்கள் ஊசி பதிந்த இடத்தைவிட்டு அகலவில்லை. இடையிடையே குழலைச் சற்றே பின்னிழுத்து, இரத்தம் மீள்கிறதா, நாளத்துள்ளேதான் நிற்கிறதா எனப் பார்த்துக்கொண்டார். வாயோ தோட்டத்து வெங்காயச் செய்கையைப் பற்றித் தமக்கையாரை வினவிக்கொண்டிருந்தது. முடிவில், “அம்மா, இண்டைக்கு சிறுநீர் சிவப்பாய்ப் போகும். அது இரத்தமில்லை, மருந்தின்ர நிறம்தான். பயப்பிடாதேங்கோ” என்றார்.

இவ்வொரு வாக்கியம் எத்துணை விலைமதிப்புடையது என்பதை அன்றிரவு யாம் உணர்ந்தோம். அது முன்னரே சொல்லப்பட்டிராவிடின், வீடு முழுவதும் நள்ளிரவில் அலறியிருக்கும்.

வீடு திரும்புமுன் உடல்வெப்பமானி ஒன்றைக் காட்டி, அதை எவ்வாறு பார்ப்பது என்பதை எமக்குக் கற்பித்தார். மருந்தேற்றி ஒரு கிழமை தொடக்கம் இரண்டு கிழமை வரையுள்ள காலத்தில் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அக்காலத்தில் 38 பாகை வெப்பம் காட்டினாலும் அது சாதாரணக் காய்ச்சலன்று. பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. உடனே வரவேண்டும் என்றார். சொன்னதோடு நில்லாமல், எம்மைத் திருப்பிச் சொல்லவும் செய்தார். வகுப்பிலே யாம் அவரைக் குறள் ஒப்புவிக்கச் செய்ததுபோல, அவர் எம்மை ஒப்புவிக்கச் செய்தார்.

பத்தாம் நாள் இரவு காய்ச்சல் கண்டது. வெப்பமானி 38.4 காட்டியது. மழை பெய்துகொண்டிருந்தது. காலையிற் போகலாம் என்றே வீட்டார் கூறினர். யாமும் அவ்வாறே எண்ணினோம். எனினும், ஒப்புவித்த பாடம் நினைவுக்கு வரவே, விடுதியின் தொலைபேசிக்கு அழைத்தோம். அப்பொழுது கடமையிலிருந்த தாதி, இரண்டு வினாக்களே கேட்டு, உடனே புறப்படும்படி கூறினார். நள்ளிரவில் ஓட்டோ பிடித்துச் சென்றோம். ஒரு மணி நேரத்துள் நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றப்பட்டது. காலை வரை தாமதித்திருந்தால் குருதியில் நஞ்சேறி உயிருக்கே இடர் நேர்ந்திருக்கக் கூடும் என்று வைத்தியர் மறுநாள் சொன்னார். தமக்கையார் இன்று நலமாயிருக்கிறார். எம் வளவில் முருங்கைக்காய் பறிப்பதில் இன்றும் எம்மோடு போட்டியிடுகிறார்.

இந்நிகழ்ச்சியிலே கருவி எது, கருணை எது எனப் பிரித்துக் காட்ட எம்மால் இயலவில்லை. பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டது விதியா, அன்பா? வெப்பமானியைத் தந்தது விஞ்ஞானமா, இரக்கமா? கருவி குளிர்ந்தது, கருணை வெதுவெதுப்பானது, ஒன்று மிகின் மற்றது குறையும் என்று பேசுவதும் எழுதுவதும் நம்மவரிடை ஒரு வழக்கமாகிவிட்டது. அது பிழையான பிரிவினை என்பதே எம் கருத்து. நோயாளியின் பக்கத்தே நிற்பவரின் கையில் கருவி கருணையின் வடிவமாகிறது. கருணையும் கருவியினாலேயே கண் பெறுகிறது.

தாதியத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். கிரிமியப் போரின்போது 1854ஆம் ஆண்டு முதல் காயமுற்ற போர்வீரரைப் பராமரித்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை, விளக்கேந்திய சீமாட்டி என்று நம் பாடநூல்கள் போற்றும். அவர் கணக்கேந்திய சீமாட்டியுமாவார் என்பதை அவை எடுத்துரைப்பது அரிது. போர்வீரருட் பெரும்பாலார் இறந்தது காயத்தாலன்று, தடுக்கத்தக்க தொற்றுநோய்களால் என்பதை எண்களாற் காட்டி, வட்டவடிவான வரைபடமாகத் தீட்டி, 1858இல் ஆட்சியாளர் முன் வைத்தவர் அவர். விளக்கு ஒரு விடுதியில் ஒளிவீசியது. வரைபடமோ பல்லாயிரம் விடுதிகளைத் திருத்தியது. இரண்டையும் ஏந்தியது ஒரே கை.

அவ்வம்மையார் 1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் நிறுவிய தாதியர் பள்ளியிலே, இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பயின்றவர் சிசிலி சோண்டேர்ஸ் அம்மையார். முதுகுநோவினால் தாதித்தொழிலைத் தொடர இயலாது, வைத்தியசாலைச் சமூக சேவையாளரானார். 1948இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த, சுற்றத்தார் அருகில் அற்ற போலந்து நாட்டு அகதி ஒருவரின் படுக்கையருகே அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டமையே இவ்வம்மையாரின் வாழ்வைத் திருப்பியது. அவ்வகதி இறக்கும்போது 500 பவுணை அம்மையாரின் எதிர்கால இல்லத்துக்கென விட்டுச் சென்றார். அம்மையார் மீண்டும் மாணவியாகி, மருத்துவம் கற்று, 1957இல் வைத்தியராகி, 1967இல் இலண்டனின் தென்பகுதியிலே சென்ற் கிறிஸ்ரோபர் இல்லத்தைத் திறந்தார். மரணத்தை நெருங்கியோர் நோவின்றி, தனிமையின்றி வாழ்தற்கான நவீன இல்லங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரியாயிற்று.

அவருடைய முறையை நோக்குக. நோவு வந்து நோயாளி கதறியபின் மோர்பீன் கொடுப்பதே அக்காலத்து வழக்கம். அவ்வாறன்றி, நோவு தலைகாட்டுமுன்னரே, குறித்த நேரத்துக்குக் குறித்த அளவு ஒழுங்காகக் கொடுத்தால், நோயாளி நோவுக்கும் அஞ்சார், மயக்கத்திலும் ஆழார் என்பதை, தொண்டு செய்யும் தாதியாக ஓர் இல்லத்திலே தாம் கண்டதைக் கொண்டு, பின்னர் வைத்தியராகி ஆராய்ந்து நிறுவினார். புற்றுநோயாளியின் நோவு உடலுக்கு மட்டும் உரியதன்று. உள்ளத்துக்கும் குடும்பத்துக்கும் ஆன்மாவுக்கும் உரியது என்பதையும் வற்புறுத்தினார். நேரம் தவறாமை விஞ்ஞானம். அருகமர்ந்து கேட்டல் இரக்கம். இரண்டையும் இணைத்தது தாதியத்தின் கண்.

அண்மைக் காலத்து ஆய்வு ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். நியூயோர்க் நகரத்தின் பெரும் புற்றுநோய் நிலையமொன்றில், நோய் பரவிய நிலையிலிருந்த 766 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போலச் சிகிச்சை பெற்றனர். மற்றைப் பிரிவினர் தம் நோவு, குமட்டல், மூச்சுத்திணறல், களைப்பு முதலியவற்றைக் கணினி மூலம் தாமே தெரிவித்து வந்தனர். ஏதேனும் ஒரு குறி மிகின் உடனே தாதிக்குச் செய்தி சென்றது. தாதியர் தொலைபேசியில் அழைத்தனர், மருந்தை ஒழுங்குபடுத்தினர், தேவைப்படின் வரவழைத்தனர். வைத்தியர் எதன் பாஸ்க்கும் அவர்தம் குழுவினரும் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 26.0 மாதம்; தெரிவித்து வந்தோரின் வாழ்நாள் 31.2 மாதம். ஏறத்தாழ ஐந்து திங்கள் கூடியது. புதிய மருந்து ஒன்று இவ்வைந்து திங்களைத் தந்திருந்தால் உலகமே அதனைக் கொண்டாடியிருக்கும். தந்ததோ, கேட்கும் பொறி ஒன்றும், கேட்டதற்குச் செவிசாய்த்த தாதியரும். செய்தியை அனுப்பியது கணினி; ஆனால், அச்செய்தியைக் கண்டு எழுந்து தொலைபேசியை எடுத்தது மனிதக் கை. கை எழாதிருந்தால் பொறி பயனற்ற மரமாயிருக்கும்.

இனி, நம் முற்றத்துக்கே வருவோம். கோயில் வீதியிலும் வேலியோரத்திலும் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை யாவரும் அறிவர். நித்தியகல்யாணி என்பதும் அதுவே. அதன் இலைச்சாற்றிலிருந்து 1958இல் கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ரொபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தைப் பிரித்தனர். அச்செடியிலிருந்தே பின்னர் கிடைத்த வின்கிறிஸ்ரின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் எண்ணற்றோரைக் காத்து வருகிறது. ஆனால், நாளத்திற் செலுத்தின் உயிர் காக்கும் அம்மருந்தே, தவறி முள்ளந்தண்டு நீரிற் செலுத்தப்படின் உயிர் போக்கும். உலகின் பல நாடுகளில் அத்தவறு நேர்ந்து குழந்தைகள் இறந்திருக்கின்றனர். ஆகவே, அதனை ஊசிக்குழலில் நிரப்பாது, சிறு பையில் நீர்த்தே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. பையைக் கையில் எடுத்தவர் அதனை முதுகுத்தண்டிற் செலுத்த எண்ணார் அன்றோ? குழலுக்குப் பதிலாகப் பை. எவ்வளவு எளிய கருவி! மனிதர் களைப்புறுவர், கவனம் சிதறுவர் என்பதை இரக்கத்தோடு அறிந்தவர்க்கே இத்தகைய கருவி தோன்றும்.

எதிர்வாதங்களையும் யாம் அறியாதவரல்லேம். இயந்திரம் வந்ததால் தாதியரின் கண் நோயாளியின் முகத்தைவிட்டுத் திரையிற் பதிந்துவிட்டது என்பர் சிலர். இது முற்றும் பொய்யன்று. ஒரு விடுதியில் நாற்பது நோயாளருக்கு இருவர் நிற்க, அவரிடம் கணினியையும் கொடுத்து, பதிவேட்டையும் எழுதச் சொன்னால், கருவி சுமையாகுமேயன்றித் துணையாகாது. எனவே, கருவி ஒன்று நல்லதா, தீயதா என அளக்கும் கோல் ஒன்றே: அது தாதியின் நேரத்தை நோயாளிக்கு மீட்டுக் கொடுக்கிறதா, அன்றிப் பறித்துக் கொள்கிறதா? மருந்து சொட்டும் வேகத்தைப் பம்பு பார்த்துக்கொண்டால், சொட்டுக்களை எண்ணிய கண் நோயாளியின் முகத்தைப் பார்க்கலாம். அவ்வாறு பார்க்காவிடின் குற்றம் பம்பினதன்று.

கருணை பிறவிக் குணம், அதைக் கற்பித்தல் இயலாது என்பர் வேறு சிலர். ஆசிரியராகிய யாம் இதனை ஏற்க மாட்டோம். செருப்பைக் கழற்றி நிறை பார்த்தல், பெயரைக் கேட்டல், சிறுநீரின் நிறத்தை முன்னரே கூறல், சொன்னதைத் திருப்பிச் சொல்வித்தல் ஆகிய யாவும் கற்பிக்கப்பட்டவையே. உகண்டா நாட்டிலே வைத்தியர் போதாமையால் நோயாளர் நோவோடு இறப்பதைக் கண்டு, சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் மோர்பீனை விதித்துக் கொடுக்கலாம் என 2004இல் விதி செய்தனர். அண்டையிலுள்ள கேரளத்திலோ, கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர் இராஜகோபால் முதலியோர் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கம் பெருகி, பயிற்றப்பட்ட தாதியரும் அயலவராகிய தொண்டரும் வீடு வீடாகச் சென்று படுத்த படுக்கையாயுள்ளோரைப் பராமரிக்கும் பேரியக்கமாயிற்று. அன்பு அங்கே தனித்து நிற்கவில்லை. பயிற்சியும் மருந்தும் ஒழுங்கும் அதற்குக் காலாயின.

மொழியைப் பற்றி ஒரு சொல். தெற்கிலுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றில், தமக்கையாரின் பரிசோதனை ஒன்றுக்காகச் சென்றிருந்தபோது, வன்னியிலிருந்து வந்த முதியவர் ஒருவரைக் கண்டோம். வெற்றிலையும் புகையிலையும் தந்த வாய்ப்புற்று. நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றும் அதுவே. எதைச் சொன்னாலும் அவர் தலையசைத்தார், விளங்கியதனாலன்று, விளங்காமையால். அங்கே கடமையிலிருந்த சிங்களத் தாதி ஒருவர், தம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். அதிலே பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து, “நோகுதா? விழுங்க ஏலுமா?” என்று தட்டுத் தடுமாறிக் கேட்டார். முதியவரின் கண் கலங்கியது. அத்துண்டுத் தாளும் ஒரு கருவியே. அந்த விடுதியிலிருந்த விலையுயர்ந்த பொறிகள் எவற்றுக்கும் அது தாழ்ந்ததன்று. மருத்துவத்தைத் தமிழாற் கற்பிக்க வேண்டுமென மானிப்பாயிலே அரும்பாடுபட்டு, இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நாம் போற்றுகிறோம். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் எத்துணைத் தூரம் நடந்தோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் சமூகம் கொடையில் குறைந்ததன்று. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து, இன மத பேதமின்றி மக்கள் திரட்டிய பொருளால், தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டதை யாவரும் அறிவர். வடக்கின் நோயாளர் பலருக்கு நெடும் பயணத்தின் துன்பத்தை அது குறைத்தது. அக்கால்களை வணங்குகிறோம். ஆயினும் ஒன்று: கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, இயந்திரத்துக்கும் அன்பளிப்புச் செய்தவரின் பெயர் பொறித்த தகடு உண்டு, அவ்வியந்திரத்தின் பக்கத்தே இரவெல்லாம் நிற்பவருக்கு யாம் கொடுக்கும் மதிப்பு யாது? 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்து அருகியதும், பயிற்றப்பட்டோர் பலர் கடல் கடந்ததும் நாம் கண்டவையே. சம்பளம் ஒரு காரணம். அதைத் திருத்துவது அரசின் கடன். மதிப்பின்மை மற்றொரு காரணம். அதைத் திருத்துவது நம் கடன்.

மகன் வைத்தியனானால் ஊருக்கெல்லாம் விருந்து. தாதியானால் வாய்மூடிய மௌனம். மகளைத் தாதியத்துக்கு அனுப்பத் தயங்கி, இரவுக் கடமை, கலியாணச் சந்தை என்று கணக்குப் பார்க்கும் பெற்றோர் இன்னும் நம்மிடையே உளர். தாதி என்னும் சொல்லுக்குப் பணிப்பெண் என்ற பொருளும் இருத்தலால், ஏவற் பணி என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டது போலும். ஆனால், அதே சொல்லுக்கு வளர்த்த தாய் என்ற பொருளும் உண்டு. செவிலி என்பதும் அவளையே. அகப்பொருள் இலக்கியத்திலே பெற்ற தாய்க்கு நிகராக நின்று, தலைவியின் வாட்டத்தை அறிபவள் செவிலியன்றோ? எப்பொருளைக் கொள்வது என்பது நம் உள்ளத்தைப் பொறுத்தது. அன்று விண்ணப்பத்தோடு வந்த மாணவரிடம் யாம் கேட்ட வினா, தாழ்ந்த பொருளைக் கொண்ட உள்ளத்திலிருந்து வந்தது. தமிழாசிரியர் ஒருவர் ஒரு சொல்லின் பொருளைப் பிழைபட உணர்ந்ததைவிடப் பெரிய வெட்கம் வேறில்லை.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோளை விடுக்கிறோம். முதலாவது, மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவானோரின் பெயர்களைப் பரிசளிப்பு விழாவிலே வாசிப்பதுபோல, தாதியப் பயிற்சிக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டநெறிக்கும் தெரிவானோரின் பெயர்களையும் அதே மேடையில், அதே குரலில் வாசித்தல் வேண்டும். இதற்குச் செலவு யாதுமில்லை. இரண்டாவது, அத்துறையிற் சேரும் வறிய மாணவர்க்கு உதவுநிதி ஒன்றை இவ்யூபிலி ஆண்டிலே தொடங்குதல் வேண்டும். வெளிநாடுகளில் உள்ள பழைய மாணவருள், அங்குள்ள தாதியரின் கையால் உயிர் மீண்டவரும் பலர் இருப்பர். அவர்க்கு யாம் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, புற்றுநோயாளர் வீட்டிற் கைக்கொள்ள வேண்டியவற்றை, வைத்தியரும் தாதியரும் சொல்ல, யாம் எளிய தமிழில் எழுதித் துண்டுப் பிரசுரமாக்கி வைத்தியசாலைகளுக்கு வழங்குதல் வேண்டும். காய்ச்சல் எத்தனை பாகையானால் வரவேண்டும், வாய்ப்புண்ணுக்கு எவ்வாறு வாய் கொப்பளிப்பது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பவற்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால், ஒரு தாள் ஓர் உயிரைக் காக்கலாம். இம்மூன்றாவது பணிக்கு எம்மை இன்றே ஒப்படைக்கிறோம்.

மாணவச் செல்வர்களே, உங்களுள் சிலருக்கு Z புள்ளி ஒரு கதவை மூடும். அப்பொழுது மற்றொரு கதவின் முன் நின்று தயங்குவீர்களாயின், அது சிறிய கதவு என்று எவரேனும் சொல்லக் கேட்டால், ஆசிரியரே சொன்னாலும், நம்பற்க. வள்ளுவர் வகுத்த நாற்கூற்றில் ஒன்று அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறது.

தமக்கையாரின் சிகிச்சை முடிந்த இறுதி நாளில், யாம் எம் மாணவரைத் தனியே அழைத்து, அன்று கேட்ட வினாவுக்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். மறந்துவிட்டேன் என்று அவர் கூறவில்லை. “சேர் தந்த சான்றிதழிலை, பொறுமையும் கவனமும் உடையவர் எண்டு எழுதியிருந்தீங்கள். அந்த வரியைத்தான் நான் வைச்சிருக்கிறன்” என்றார். அப்பொழுது உள்ளே ஒரு பம்பு ஒலித்தது. “ஒரு நிமிசம் சேர்” என்று சொல்லிவிட்டு, நோயாளியின் பக்கத்தே விரைந்தார்.